குழாயில் வந்த பழுப்புத் தண்ணீர்

1997இல் வந்த ‘டான்டேஸ் பீக்’ என்ற எரிமலைப் படத்தை மறுபடி பார்த்தேன். மலை வெடிப்பதற்கு முன்பே வயிற்றைக் கலக்கிவிடுகிறார்கள். வீட்டுக் குழாயைத் திறந்தால் பழுப்புத் தண்ணீர் கொட்டுகிறது. கந்தக வாயு ஊர்க் குடிநீரில் கலந்துவிட்டது. அந்த நொடியில் எரிமலை ஆய்வாளராக வரும் பியர்ஸ் பிராஸ்னனின் முகம் மாறுவதைப் பாருங்கள்!

ஊருக்கு எச்சரிக்கை விடுவதைத் தள்ளிப்போடும் அவருடைய மேலதிகாரியைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. 1982இல் கலிஃபோர்னியாவின் மாமத் லேக்ஸில் எரிமலை வெடிக்கலாம் என்று எச்சரித்தார்கள். எதுவும் வெடிக்கவில்லை, ஊரின் சுற்றுலாப் பிழைப்புதான் படுத்துவிட்டது. 1985இல் கொலம்பியாவின் ஆர்மேரோவில் மக்களை நேரத்தோடு வெளியேற்றவில்லை. ஏறத்தாழ 20,000 பேரை எரிமலைச் சேறு விழுங்கியது. அந்த நாற்காலியில் நாம் இருந்தால் என்ன செய்வோம்?

படத்தில் லாவா ஆறாக ஓடிவருவதுதான் பொருந்தவில்லை. கதை நடக்கும் அமெரிக்க வடமேற்கின் கேஸ்கேட் மலைகளில் எரிமலைக் குழம்பு பெரும்பாலும் பிசுபிசுப்பானது. அங்கே ஆளைக் கொல்வது கொதிக்கும் வாயுவும் சாம்பலும் சேறும்.