‘கட்டணமே இல்லை’ என்ற கடனுக்கு நான் போட்டுப் பார்த்த கணக்கு

தேன் பெட்டி வாங்க எனக்கு ஒரு லட்சம் ரூபாய் தேவைப்பட்டது. மார்த்தாண்டம் பக்கம் எங்கள் தேன், ரப்பர் மரம் துளிர்ப்பதை நம்பி இருக்கிறது. ஜனவரிக்குள் பெட்டியும் ஈயும் தோட்டத்தில் இருந்தாக வேண்டும். தவறினால் அந்த ஆண்டு போனதுதான். அந்த நேரம் பார்த்து செல்போனில் ஓயாமல் விளம்பரம்: ‘5 நிமிடத்தில் கடன், பிராசஸிங் கட்டணம் கிடையாது, மாதம் ஒன்றரை சதவீத வட்டிதான்.’

ஆப் வேறு, பணம் தரும் நிதி நிறுவனம் வேறு. அந்த நிறுவனத்தின் பெயர் ரிசர்வ் வங்கியின் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் தேடினேன். இருந்தது. சரி, ஆள் உண்மையான ஆள்தான்.

அப்புறம் கடனின் வட்டி, கட்டணம் எல்லாவற்றையும் சொல்லும் ‘கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்’ கேட்டேன். 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர் கடன், சிறுதொழில் கடன் எதுவானாலும், ஒப்பந்தத்துக்கு முன்பே அதை நமக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். போனில் பேசிய பெண், “ஆப்ல ஓகே கொடுங்க சார், அப்புறம் வந்துரும்” என்றார். “தமிழ்ல அனுப்புங்கம்மா, படிச்சிட்டுச் சொல்றேன்” என்று விடாமல் கேட்டேன். வந்தது.

பிராசஸிங் கட்டணம் பூஜ்யம், விளம்பரத்தில் சொன்னபடியே. அதற்கு அடுத்த வரியில் காப்பீடு 3,000 ரூபாய். அதைப் பிடித்துக்கொண்டு 97,000தான் கணக்கில் விழும். ஒன்றரை சதவீதம் என்பது ஃபிளாட் வட்டி. அசல் குறையக் குறைய வட்டி குறையாது, கடைசித் தவணை வரை முழு லட்சத்துக்கும் கட்ட வேண்டும். 9,833 வீதம் 12 தவணை, மொத்தம் 1,18,000 பக்கம். எல்லாச் செலவும் சேர்ந்த ஆண்டு விகிதம், அதாவது ஏ.பி.ஆர்., 37 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. கடன் வாங்கும் யாரும் முதலில் பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வங்கியில் முத்ரா என்ற அரசின் சிறுதொழில் கடனுக்கு எழுதிக் கொடுத்தேன். சிறுதொழிலுக்கான அரசுப் பதிவான உத்யம் இலவசம். பெட்டிக்குக் கொட்டேஷன் கேட்டார்கள், தோட்டத்தைப் பார்க்க ஆள் வந்தார், நாள் இழுத்தது. ஜி.எஸ்.டி. சேர்த்து 590 ரூபாய் கட்டணமும் வாங்கினார்கள். ஆனால் வட்டி 11.25 சதவீதம், அதுவும் குறைகிற அசலுக்கு மட்டும். வருடம் முழுக்க வட்டி 6,200 ரூபாய்கூட வராது.

இதற்கிடையே பக்கத்து வீட்டு அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு ‘அப்ரூவல் கடிதம்’. கடன் பாஸாகிவிட்டதாம், ஜி.எஸ்.டி. 2,500 அனுப்பினால் உடனே பணமாம். அனுப்பச் சொன்னது ஒரு தனியாளின் ஜிபே எண்ணுக்கு. “அக்கா, ஒரு பைசா அனுப்பாதீங்க” என்று தடுத்தேன். இது கடனே இல்லை, பட்டப்பகல் திருட்டு. அனுப்பிவிட்டவர்கள் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்.

ஆப்பில் அவசரப்பட்டு ஓகே கொடுத்தவர்களுக்கும் வழி இருக்கிறது. டிஜிட்டல் கடனில் ‘கூலிங் ஆஃப்’ என்று குறைந்தது ஒரு நாளாவது தர வேண்டும். அதற்குள் அசலையும் அந்த நாளுக்கான வட்டியையும் கட்டி, அபராதம் இல்லாமல் வெளியே வந்துவிடலாம். எத்தனை நாள் என்பது அதே ஸ்டேட்மென்டில் இருக்கும்.