கார்டு ரூமில் முதல் நாள்: வாய் முதலில், சிப்ஸ் பிறகு

வீட்டில் நண்பர்களோடு போக்கர் ஆடிப் பழகியவர்களுக்கு எந்தக் கை (சீட்டுச் சேர்க்கை) எதை வெல்லும் என்பது அத்துப்படியாக இருக்கும். பணம் வைத்துப் போக்கர் ஆடும் கார்டு ரூமில் அவர்களை மாட்டிவிடுவது சிப்ஸை (பணத்துக்குப் பதிலான வில்லைகளை) நகர்த்தும் முறைதான்.

உள்ளே போனதும் கவுண்டரில் பெயரைக் கொடுத்து, 1/2 நோ லிமிட் ஹோல்டெம் (பந்தயத்துக்கு உச்சவரம்பு இல்லாத போக்கர் வகை) என்று சொல்லுங்கள். சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் முறைவைத்துக் கட்டும் கட்டாயப் பந்தயங்களில் ஸ்மால் பிளைண்ட் 1, பிக் பிளைண்ட் 2 என்று அர்த்தம். பிக் பிளைண்டைப் போல நூறு மடங்கு, அதாவது 200, கையில் இருந்தால் நிம்மதியாக ஆடலாம். சீட்டுப் போட்டு ஒரு ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது பையிலிருந்து பணம் எடுத்துச் சேர்க்க முடியாது. ஜெயித்த சிப்ஸில் கொஞ்சத்தைப் பைக்குள் ஒதுக்கவும் முடியாது. உட்கார்ந்த உடனே ஆட வேண்டும் என்ற அவசரமும் வேண்டாம். பிக் பிளைண்ட் உங்களிடம் வரும்வரை காத்திருந்தால் கூடுதலாக எதுவும் கட்டத் தேவையில்லை.

இனிதான் வில்லங்கம். பிளைண்ட் 2 இருக்கிறது, நீங்கள் ரெய்ஸ் செய்ய (பந்தயத்தை ஏற்ற) நினைத்து ஒரே ஒரு 25 சிப்பைப் பேசாமல் போடுகிறீர்கள். அது வெறும் ‘கால்’தான், அதாவது இருக்கும் பந்தயத்துக்குச் சமமாகப் போடுவது. சீட்டுப் போடும் டீலர் 23-ஐத் திருப்பித் தருவார். எதிராளி 10 போட்டிருக்க, முதலில் 10-ஐ வைத்துவிட்டு மறுபடி அடுக்குக்குக் கை போனாலும் அதே கதி. இதற்கு ஸ்ட்ரிங் பெட் என்று பெயர். “உன் பத்தைப் பார்த்துட்டேன், மேல இருபது” என்ற சினிமா பாணி வசனமும் செல்லாது: முதல் பாதியிலேயே கால் ஆகிவிட்டது. “ரெய்ஸ், முப்பது” என்று சொல்லிவிட்டுச் சிப்ஸைத் தொட்டால் இந்தச் சிக்கல் எதுவும் கிடையாது. ஆனால் உங்கள் முறை வரும்போது சொன்ன சொல்லுக்கு மாற்று இல்லை. அந்த 30-க்கு மேல் இன்னொருவர் ஏற்ற வேண்டுமானால் குறைந்தது 50. முந்தைய ஏற்றம் 20 அல்லவா?

சிப்ஸைப் ‘பாட்’டுக்குள் (நடுவில் சேரும் பந்தயக் குவியலுக்குள்) வீசாதீர்கள். உங்கள் முன்னாலேயே அடுக்கி வையுங்கள், டீலர் எண்ணிச் சேர்த்துக்கொள்வார்.

சீட்டின் மேல் எப்போதும் ஒரு சிப் இருக்கட்டும். டீலருக்கு இரு பக்கமும் ஒட்டி உட்காருபவர்களுக்கு இது கட்டாயம் என்றே சொல்வேன். கழித்த சீட்டுகளை வாரும் கை உங்களுடையதையும் சேர்த்து வாரிவிட்டால் மீட்பது கடினம்.

ரிவரில், அதாவது கடைசிப் பொதுச்சீட்டு விழுந்த பிறகு, கடைசியாகப் பந்தயம் ஏற்றியவர்தான் முதலில் சீட்டைக் காட்ட வேண்டும். அவர் “ஃபிளஷ்” (ஒரே இனத்துச் சீட்டு ஐந்து) என்று வாயால் சொன்னதை நம்பிச் சீட்டைத் தூக்கி எறிபவர்கள் உண்டு. ஐயோ பாவம்! அவருடைய இரண்டு சீட்டும் திறந்து கிடப்பதைக் கண்ணால் பாருங்கள். உங்கள் கை என்னவென்று குழப்பமா? இரண்டையும் மல்லாத்திப் போட்டால் டீலர் படித்துச் சொல்வார். பாட் உங்கள் பக்கம் வந்து சேரும்வரை சீட்டை விடாதீர்கள்.

கிளம்பும்போது டீலரிடம் ரேக் (சிப்ஸ் அடுக்கும் தட்டு) கேளுங்கள். வரிசைக்கு 20 வீதம் ஐந்து வரிசை, மொத்தம் 100 சிப்ஸ் பிடிக்கும். அதோடு காசாளரிடம் போனால் எண்ணுவது நொடியில் முடியும்.