ஒட்டிக்கொண்டால் போதுமா?

எஸ்வி40 என்ற குரங்கு வைரஸின் டிஎன்ஏ நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் புரதமான பெரிய டி ஆன்டிஜெனை வைத்து வேலை பார்க்கும் லேபில் புதிதாகச் சேருகிறவர்கள் முதலில் சந்தோஷப்படுவது புரதம் டிஎன்ஏவைப் பிடிக்கிறதா என்று காட்டும் ஜெல் ஷிஃப்ட் சோதனையைப் பார்த்துத்தான். வெறும் டிஎன்ஏ ஜெல்லில் கீழே ஓடியிருக்கும், புரதம் பிடித்த டிஎன்ஏ நகர முடியாமல் மேலேயே நிற்கும். அந்த மேல் பட்டை பளிச்சென்று வந்துவிட்டால் நகலெடுப்பையே பார்த்துவிட்டது போல ஒரு பூரிப்பு. எனக்கோ வருடங்கள் போகப் போக அந்தப் பட்டையின் மேல் நம்பிக்கை குறைந்துகொண்டே வருகிறது.

இந்த வைரஸின் மொத்த டிஎன்ஏவே 5,243 அடியிணைகள் (டிஎன்ஏவின் எழுத்து ஜோடிகள்) உள்ள ஒரு வட்டம். நகலெடுப்பு தொடங்க அத்தியாவசியமான இடம் அதில் 64 அடியிணைகள், நடுவில் ஜிஏஜிஜிசி என்ற ஐந்தெழுத்து நான்கு தடவை வரும். டி ஆன்டிஜென் அதைக் கண்டுபிடித்து, செல்லின் எரிபொருளான ஏடிபி இருந்தால் ஆறு ஆறாகச் சேர்ந்து இரண்டு வளையங்களாக டிஎன்ஏவைச் சூழ்ந்துகொள்கிறது. உடையாத போலி ஏடிபியைப் போட்டாலும் வளையம் கட்டிவிடும், ஓரத்தில் இழைகள் கொஞ்சம் விலகவும் செய்யும். ஆனால் இழைகளை முழுக்கப் பிரித்துக்கொண்டு போக ஏடிபி உடைந்தே ஆகவேண்டும்.

அப்புறம் இந்தப் புரதத்தின் 124ஆவது இடத்தில் இருக்கும் திரியோனின் என்ற அமினோ அமிலம். என்னைக் கேட்டால் கதையே அங்கேதான். 708 அமினோ அமிலங்கள் உள்ள புரதத்தில் அந்த ஒரு இடத்தில் பாஸ்பேட் ஏறியிருக்க வேண்டும். ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்த புரதத்தில் அது ஏறாது. டிஎன்ஏவைப் பிடிக்கும், நகலெடுப்பைத் தொடங்காது. சைக்ளின் என்ற புரதத்தோடு சேர்ந்து இயங்கும் கைனேஸ் (பாஸ்பேட் ஏற்றும் நொதி) ஒன்றை வைத்து பாஸ்பேட்டை ஏற்றிக் கொடுத்தால் அதே புரதம் வேலை செய்கிறது. இதை முதலில் படித்தபோது அசந்துபோனேன், ஏனென்றால் அந்த கைனேஸ் செல்லுடையது, செல் பிரிவதற்குத் தயாராகும்போது வேகம் எடுப்பது. வைரஸிடம் புது இழையைக் கட்டும் பாலிமரேஸ் சொந்தமாகக் கிடையாது, நகலெடுப்புக்கு வேண்டிய மற்ற புரதங்களான ஆர்பிஏ, பிரைமேஸ், டோபோஐசோமரேஸ் என்று எல்லாமே செல்லிடம் வாங்கியாக வேண்டும். அவை தயாராக இல்லாத நேரத்தில் இழையைப் பிரித்து வைத்து என்ன பிரயோஜனம்?

அதனால் யாராவது மேல் பட்டையோடு என் மேசைக்கு வந்தால், எந்தச் செல்லில் தயாரித்த புரதம் என்றுதான் முதலில் கேட்கிறேன். பூச்சிச் செல் என்றால் சரி, அடுத்து இழை பிரிகிறதா என்று தனியாகச் சோதிக்கச் சொல்வேன். ஈ.கோலை என்றால் கைனேஸிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.