தரங்கம்பாடிக்குப் போன ஞாயிறு

மேட்டூர்த் தண்ணீர் எங்கள் ஊர் வாய்க்காலுக்கு வந்து சேர்ந்த வாரம். இந்த நேரத்தில் எவனாவது வயலை விட்டுக் கிளம்புவானா என்று முனகிக்கொண்டேதான் மாயவரத்தில் பஸ் ஏறினேன். தரங்கம்பாடி புது எருசலேம் ஆலயத்தில் ஒரு ஞாயிறு ஆராதனை என்பது மனைவியின் நேர்த்தி. லுத்தரன் சபைக்காரனுக்கு நேர்த்தி ஏது என்று கேட்காதீர்கள். காவிரித் தண்ணீர் குடித்தவர்கள் எல்லாருக்கும் உண்டு.

ஆலயம் இருக்கும் தெருவின் கோடியில் டேன்ஸ்போர்க் கோட்டை. 1620இல் டென்மார்க் வியாபாரிகள் மிளகுக்காக வந்து கட்டியது. 1706 ஜூலை 9ஆம் தேதி இங்கே வந்து இறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க், அவர்களுடைய அரசரே அனுப்பிய ஆள்தான். ஆனாலும் 1708இல் கோட்டைத் தளபதி அவரைப் பிடித்து நாலு மாதம் அடைத்துவைத்தார். விக்கிரகத்தை விடச் சொல்லி நம்மிடம் பேச வந்த மனுஷனைப் பூட்டிவைத்தது மிளகுக்காரர்கள் கோட்டை. அவர் எழுப்பிய ஆலயத்தின் முகப்பில் அரச முத்திரைக்குக் கீழே 1718 என்று இருக்கிறது. மறுவருஷமே, 36 வயதில், அதற்குள்ளேயே அடக்கமாகிவிட்டார்.

அன்றைய வாசகம் பைபிளில் பவுல் எழுதிய நிருபம், கொலோசெயர் 3:5. விபசாரம், அசுத்தம், மோகம், துர்இச்சை என்று குருவானவர் படிக்கும்வரை நான் நிம்மதியாக விசிறிக்கொண்டிருந்தேன். இந்த நாலும் எப்போதும் அடுத்தவர் சங்கதிதானே. ஐந்தாவது, "விக்கிரகாராதனையான பொருளாசை". பவுல் மற்ற நாலுக்கும் இப்படிப் பட்டம் கட்டவில்லை. ஆசைப்படுவது தப்பு என்று நிறுத்தியிருந்தால் தலையாட்டிவிட்டு வந்திருப்பேன். கும்பிடுகிறாய் என்கிறாரே.

எங்கள் வயலுக்கும் பெரியப்பா மகன் வயலுக்கும் நடுவே ஒரு வரப்பு. அப்பா காலத்தில் நெல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு இரண்டு பேர் எதிரெதிரே ஒதுங்கிப் போகலாம். இன்று ஒற்றைக் கால்தான் வைக்க முடியும். ஒவ்வொரு போகத்துக்கும் வரப்பின் ஓரத்தைச் செதுக்கி அண்டை வெட்டும்போது என் மண்வெட்டி இரண்டு விரல்கடை அதிகமாக இறங்கும். அந்தப் பக்கம் அண்ணன் மண்வெட்டியும் அப்படித்தான். நாலு வருஷமாகப் பேச்சில்லை. கூட்டிப் பார்த்தால் கால் மா நிலம் தேறாது. ஆனால் காலையில் எழுந்ததும் ஜெபத்துக்கு முன்னால் நான் போய் நிற்கிற இடம் அந்த வரப்புதான். வீட்டில் யாருக்கும் காய்ச்சல் என்றால்கூட அதைப் பார்த்துவிட்டுத்தான் மாத்திரை வாங்கப் போவேன். அதற்குப் பூவும் சூடமும் மட்டும்தான் பாக்கி.

அப்பமும் திராட்சரசமும் வாங்கும் திருவிருந்துக்கு வரிசை நகர்ந்தபோது நான் எழுந்திருக்கவில்லை. மனைவி ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, தனியாகப் போய் முழங்காலிட்டாள்.

பஸ்ஸில் அவள் கேட்டது ஒன்றுதான்: "அண்ணனுக்குப் போன் போட்டுத் தரவா?"

"ஆக்கூர் வரட்டும்" என்றேன். ஆக்கூர் வந்து போனது. செம்பனார்கோயிலும் போனது. மாயவரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, டீக்கடை ஓரமாக நின்று நானே போட்டேன். அண்ணிதான் எடுத்தார்கள். குரல் தெரிந்து கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அவங்க இல்லையே தம்பி. கோயிலுக்குக்கூட வரலை. தண்ணி வந்திருக்குல்ல, அண்டை வெட்டணும்னு காலையிலேயே வயலுக்குப் போயிட்டாங்க."