கைக்கு எட்டாத கேமரா: ஏற்காடு நாட்குறிப்பு

பிப்ரவரி 9

எஸ்டேட்டில் கல்யாண முருங்கை இலையை உதிர்த்துவிட்டுச் சிவப்பாகப் பூத்து நிற்கிறது. விடிந்ததும் மைனா, கரிச்சான், செம்மீசைச் சின்னான், தேன்சிட்டு எல்லாம் அதில்தான். கீழிருந்து எடுத்தால் பறவையின் வயிறும் வெளுத்த வானமும்தான் கிடைக்கும், பூவுக்குள் தலையை விட்டு அது என்ன செய்கிறது என்பது தெரியவே தெரியாது. அதனால் பக்கத்துச் சில்வர் ஓக்கில் 30 அடி உயரத்தில் கேமராவைக் கட்டியாகிவிட்டது. மிளகு பறிக்கிற அண்ணன் ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறிக் கட்டிக்கொடுத்தார். "பனி எறங்குமுங்க, நனையாதுங்களா?" என்று கேட்டு ஒரு பிளாஸ்டிக் உறையும் அவரே மாட்டினார்.

கேமராவின் வைஃபை வழியாகப் போனிலிருந்து ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்), ஃபோகஸ் எல்லாம் மாற்றலாம். ஆனால் என் லென்ஸில் ஜூம் வளையத்தைக் கையால்தான் திருக வேண்டும், கேமராவின் முகத்தைத் துளி திருப்பவும் வழியில்லை. எனவே எந்தக் கிளை, எவ்வளவு நெருக்கம் என்பதைத் தரையிலேயே முடிவு செய்து ஜூமை டேப் போட்டு ஒட்டினேன். தானாக அணையும் வசதியையும் நிறுத்தினேன், கேமரா தூங்கினால் வைஃபையும் சேர்ந்து போய்விடும், அப்புறம் அதை எழுப்ப மரம் ஏறணும்.

பிப்ரவரி 10

காலையில் மரத்தடியில் நின்றே இணைப்பு கிடைக்கவில்லை. வெயில் ஏறியதும் அதே இடத்தில் நன்றாக வந்தது. எல்லோரும் மூடுபனியைத்தான் சொல்வார்கள், ஆனால் மூடுபனியின் நுண்துளி வைஃபை அலையை அவ்வளவாகத் தடுப்பதில்லை. அந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உறிஞ்சுவது தண்ணீர் சொட்டுகிற இலைகள்தான், நடுவில் மிளகுக்கொடி வேறு அடர்த்தியாக ஏறியிருக்கிறது. பறவைகள் அதிகம் வருவதோ இலை ஈரமாக இருக்கும் அந்த நேரத்தில். இன்ஃப்ராரெட் ரிமோட்டும் இங்கே உதவாது, அதற்கு நேர்ப்பார்வை வேண்டும், எட்டுவதும் சில மீட்டர்தான்.

பிப்ரவரி 12

வைஃபையை நம்பாமல் வயரிலேயே இணைக்கலாம் என்று சேலம் இறங்கி ஈதர்நெட் கேபிள் (கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் வயர்) வாங்கி வந்தேன். கேமராவிலிருந்து நேராகக் கீழே யுஎஸ்பி வயர் விடலாமே என்று தோன்றும், யுஎஸ்பி 2.0 வயருக்கு 5 மீட்டர்தான் எல்லை. ஈதர்நெட் 100 மீட்டர் வரை போகும். ஆகவே ராஸ்பெரி பை (Raspberry Pi) என்ற குட்டிக் கணினி ஒன்றை டப்பாவில் போட்டு மேலேயே வைத்து, கேமராவோடு குட்டி யுஎஸ்பி வயரால் இணைத்து, அங்கிருந்து ஈதர்நெட்டை இறக்குவது. கட்டளைகளை ஜிபோட்டோ2 என்ற இலவச மென்பொருள் பார்த்துக்கொள்ளும். திரையில் நேரலை ஓடினால் சென்சார் நிற்காமல் உழைக்கும், பேட்டரி சீக்கிரம் காலி. அதற்குப் பேட்டரி இடத்தில் செருகி வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் டம்மி பேட்டரியும் பவர் பேங்கும்.

1888இல் பிரான்ஸில் ஆர்தர் பட்யூ என்பவர் பறக்கும் பட்டத்தில் கேமராவைக் கட்டி, மெதுவாக எரியும் திரியை வைத்து ஷட்டரை விழவைத்தார். திரியைப் பற்றவைத்த பிறகு அவரால் எதையும் மாற்ற முடியாது. அதை நினைத்தால் எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வருகிறது.

பிப்ரவரி 15

வேலை செய்கிறது! காபிச் செடிகளுக்கு நடுவே லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன், இலையெல்லாம் சொட்டச் சொட்ட ஈரம், படம் ஒருமுறைகூட அறுபடவில்லை. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் என்பதால் எந்தப் பறவையும் திரும்பிப் பார்க்கவில்லை. கரிச்சான் தேனுக்குக் குனியும்போது நீட்டிக்கொண்டிருக்கும் மகரந்தத்தாள்கள் அதன் தொண்டையில் உரசுகின்றன, அந்தக் கறுப்பில் மகரந்தப்பொடி அப்பியிருப்பது பளிச்சென்று தெரிகிறது. அப்படியே அடுத்த பூவுக்குப் போகிறது. இந்த ஒரு படத்துக்காகத்தான் இவ்வளவும்.

எஸ்டேட்காரர் கூட்டுக்குப் பக்கத்தில் வைக்கலாமே என்றார். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஆள் ஏறி இறங்கினாலே தாய்ப்பறவை கூட்டை விட்டுப் போய்விடலாம், படம் அதற்கு ஈடாகாது.

பிப்ரவரி 19

பூ கொட்டத் தொடங்கிவிட்டது. கேமராவை இறக்கியாச்சு, குரங்கு கடிக்கும் என்பதால் வயரையும் சுருட்டியாச்சு. அடுத்து, சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சர்வோ மோட்டார் இரண்டில் கேமராவைத் திருப்பும் தலை ஒன்று செய்யணும். லென்ஸின் எடை முன்பக்கம் இழுப்பதால் நடுப்புள்ளியைச் சரியாகப் பிடித்துக் கட்டினால்தான் மோட்டார் தாங்கும், முதலில் அந்த வேலை.