கவுண்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல்

துணிக்கடையில் காலை ஒன்பதரைக்கு ஷட்டர் ஏறினால் இறங்க இரவு பத்தாகும். ஆடித் தள்ளுபடியோ தீபாவளியோ வந்துவிட்டால் பதினொன்று. இந்த நேரம் முழுக்கச் சேலை செக்‌ஷனில் நிற்கும் பெண்ணின் கால்களைக் கவனித்துப் பாருங்கள். மதியம் வரை இரண்டு காலையும் ஊன்றி நிற்பார். மூன்று மணிக்கு மேல் பாரத்தை ஒரு காலுக்கு மாற்றுவார். ஆறு மணிக்கு முதுகு ரேக்கில் சாயும். சூப்பர்வைசர் தலை தெரிந்ததும் நிமிரும். இரவு விடுதியில் கொலுசைக் கழற்றும்போது கணுக்காலைச் சுற்றி அதன் தடம் பள்ளமாகப் பதிந்திருக்கும். விடிந்தால் அந்தத் தடம் இருக்காது. அதனாலேயே அதை யாரும் பொருட்படுத்துவதில்லை.

காலில் இறங்கிய ரத்தத்தை மேலே ஏற்றிவிடுவது கெண்டைக்கால் தசைதான். நடக்கும்போது அது சுருங்கி நாளங்களைப் பிழிகிறது. ஏறிய ரத்தம் திரும்பி இறங்காமல் நாளத்துக்குள் இருக்கும் வால்வுகள் தடுத்துக்கொள்கின்றன. அசையாமல் நின்றால் கணுக்கால் நாளங்களில் அழுத்தம் 80, 90 மி.மீ. பாதரசம் வரை போகும். சில எட்டுகள் நடந்தாலே 30 அளவுக்கு இறங்கிவிடும். ஆண்டுக்கணக்கில் அசையாமல் நிற்பவருக்கு வால்வுகள் தளர்ந்துபோகின்றன. முதலில் கெண்டைக்காலில் கனம், இரவில் தசைப்பிடிப்பு. பிறகு தோலுக்கடியில் நீல நிறத்தில் நெளியும் நாளங்கள். ‘நரம்பு சுருட்டிக்கிச்சு’ என்று கடையில் சொல்வது இதைத்தான். கவனிக்காமல் விட்டால் கணுக்காலின் உள்பக்கம் கறுத்து, அரித்து, சொறிந்த இடம் ஆறாத புண்ணாகும்.

ஆக, கெடுதல் நிற்பதைவிட அசையாமல் நிற்பதில்தான் அதிகம். அரை மணிக்கு ஒருமுறை கவுண்டரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை மெதுவாக உயர்த்தி, மேலே இரண்டு நொடி நிறுத்தி இறக்க வேண்டும், இருபது முறை. கஸ்டமர் சேலையை விரித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செய்யலாம், எதிரில் நிற்பவருக்குத் தெரியாது. வேகமாகக் குதிப்பது போல் செய்வதில் பயன் குறைவு. கவுண்டருக்கடியில் ஐந்தங்குல உயரத்தில் ஒரு பலகை போட்டு, காலை மாற்றி மாற்றி அதில் வைத்துக்கொண்டால் இடுப்பு வலியும் குறையும்.

ஆனால் எந்தப் பயிற்சியும் உட்காருவதற்கு ஈடாகாது. கோழிக்கோட்டில் விஜி என்ற தையல் தொழிலாளி முன்னின்று நடத்திய ‘பெண்கூட்டு’ அமைப்பு, கடைகளில் உட்காரும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் போராடியது. கேரளம் 2018-இல் அதைச் சட்டமாக்கியது. தமிழ்நாடு 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காருவதற்கு எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும் என்கிறது அது.

சட்டம் வந்தும் பல கடைகளில் ஊழியர்கள் நின்றுகொண்டேயிருப்பதற்குக் காரணம் ஸ்டூலிலேயே இருக்கிறது. வாங்கிப் போடுவது ஒன்றரை அடி பிளாஸ்டிக் ஸ்டூல். மூன்றடிக் கவுண்டருக்குப் பின்னால் அதில் உட்கார்ந்தால் தலை மட்டும்தான் தெரியும். ‘செக்‌ஷனில் ஆளே இல்லை’ என்று மேலிருந்து சத்தம் வரும். தாழ்ந்த ஸ்டூலிலிருந்து ஒரு நாளைக்கு நூறு முறை எழுந்தால் முழங்கால் வேறு வலிக்கும். ஆகவே உட்காராமலே விட்டுவிடுகிறார்கள். ஸ்டூல் மேல் சேலைக்கட்டு ஏறிக்கொள்கிறது. தேவை இரண்டு, இரண்டேகால் அடி உயரம், கீழே கால் வைக்க ஒரு கம்பி, வழுக்காத அடிப்பாகம். அதில் உட்கார்ந்தவர் தோளோடு கவுண்டருக்கு மேலே தெரிவார், கஸ்டமர் வந்ததும் ஒரே அசைவில் எழுந்துவிடலாம். நால்வருக்கு ஒரு ஸ்டூல் என்றால், இருப்பதில் இளையவர் கடைசிவரை உட்காரவே மாட்டார். உட்கார்ந்தால் சோம்பேறி என்ற பேச்சைச் சூப்பர்வைசர் முதலில் விட வேண்டும். ஸ்டூல் வாங்குவதைவிடக் கடினமான வேலை அதுதான்.

நரம்பு சுருட்டலுக்கு மருந்துக்கடையில் கிரேப் பேண்டேஜ் வாங்கிக் கெண்டைக்காலில் மட்டும் இறுக்கிக் கட்டிக்கொள்பவர்கள் நிறைய. அது கீழே இருக்கும் ரத்தத்தை அங்கேயே அடைத்து வைக்கும். கால்விரல் அடியிலிருந்து தொடங்கி, கணுக்காலில் இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும் சுற்ற வேண்டும். அழுத்தக் காலுறை என்றால் காலையில் படுக்கையை விட்டு எழுமுன்பே, வீக்கம் இறங்கியிருக்கும்போதே போட வேண்டும். மேல் விளிம்பைச் சுருட்டி விட்டால் அதுவே கயிறு கட்டியது போலாகிவிடும். சர்க்கரை நோய் உள்ளவரும், நடந்தால் கால் வலித்து நின்றால் வலி விடுகிறவரும் மருத்துவரைக் கேட்காமல் காலுறை போடக் கூடாது.

குதிகால் வலி இன்னொரு வகை. காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் எட்டில் ஊசி குத்துவது போல் இருந்து, கொஞ்சம் நடந்ததும் குறைந்தால், பாதத்தின் அடிச்சவ்வு புண்பட்டிருக்கிறது என்று பொருள். கிரானைட் தரையில் வெறுங்காலோடு நிற்கச் சொல்லும் கடைகளில் இது அதிகம். இறங்குவதற்கு முன்பே ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி அரை நிமிடம் தன்பக்கம் இழுத்து விட வேண்டும், மூன்று முறை. நின்று வேலை செய்யும் இடத்தில் அரை அங்குல ரப்பர் விரிப்பு போதும். மெத்தென்ற பஞ்சு விரிப்பில் கால் புதைந்து இன்னும் களைத்துப்போகும்.

தண்ணீர் விஷயம் இதைவிடச் சிக்கலானது. கழிப்பறை ஐந்தாவது மாடியில். லிஃப்ட் கஸ்டமருக்கு. போக வேண்டுமானால் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு, இன்னொருவரை நிறுத்திவிட்டுப் போக வேண்டும். சூப்பர்வைசர் ஆணாக இருந்தால் மாதவிலக்கு நாளில் ஒரு பெண் எப்படிக் கேட்பார்? ஆகவே தண்ணீரே குடிக்காமல் இருக்கப் பழகிக்கொள்கிறார்கள். ஏசியில் தாகமும் தெரியாது. சிறுநீர் மஞ்சள் தண்ணீர் போல் அடர்ந்து போகிறது, பிறகு நீர்க்கடுப்பு. இதைச் சூடு என்று நினைத்து வெந்தயத்தை ஊறவைத்துக் குடிப்பதும், மருந்துக்கடையில் இரண்டு மாத்திரை கேட்டு வாங்குவதும் வழக்கம். அந்த இரண்டு மாத்திரை எரிச்சலை அடக்கும். மிஞ்சிய கிருமி அடுத்த மாதம் திரும்ப வரும். சிறுநீர்ப் பரிசோதனை செய்து, எழுதித் தந்த நாள் வரை மாத்திரையை முடிக்க வேண்டும். குளிர்க்காய்ச்சலும் விலாப்பக்க முதுகுவலியும் சேர்ந்தால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனை போக வேண்டும்.

ஒரே மூச்சில் ஒரு பாட்டில் குடித்தால் முக்கால் மணியில் ஓட வேண்டியிருக்கும். மணிக்கு ஒரு டம்ளர் என்று பிரித்துக் குடித்தால், மூன்று நான்கு மணிக்கு ஒருமுறை போனால் போதும். கழிப்பறை போவதைக் கேட்டு வாங்கும் அனுமதியாக வைக்காமல், செக்‌ஷனுக்குள் முறை போட்டு ஆள் மாற்றிவிடுவதே நல்லது. நாப்கின் மாற்றவும் அதே நேரம் சரியாக வரும்.

சாப்பாட்டைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சாப்பிட்டு முடித்த கையோடு டீ குடிப்பது கடைப் பெண்களிடம் ஊறிய பழக்கம். டீயில் உள்ள டானின், கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. இவர்களில் பலர் ஏற்கெனவே ரத்தம் குறைந்தவர்கள். சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி விட்டு, சாப்பாட்டில் அரை எலுமிச்சை பிழிந்துகொண்டால் வித்தியாசம் தெரியும். சீசனில் மதியச் சாப்பாடு நாலு மணிக்குத் தள்ளிப்போகும் நாட்களில், பன்னிரண்டு மணிக்கே ஒரு பிடி வேர்க்கடலையும் ஒரு வாழைப்பழமும் உள்ளே போயிருந்தால் தலைசுற்றல் வராது.

விடுதிக்குத் திரும்பியதும் கால் மணி நேரம் மல்லாந்து படுத்துக் காலைச் சுவரில் உயர்த்தி வைக்க வேண்டும். தலையணை மேல் உயர்த்துவதானால், அதைக் குதிகாலுக்கு மட்டும் வைக்காமல் கெண்டைக்கால் முழுக்கத் தாங்குமாறு வைக்க வேண்டும். பாதம் நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். அப்படிப் படுத்திருக்கும்போது இரண்டு கெண்டைக்காலையும் தொட்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டும் ஒன்றுபோல் வீங்கியிருந்தால் பெரும்பாலும் நின்றதால் வந்தது. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாகி, அழுத்தினால் வலித்தால் உள்நாளத்தில் ரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் காலைப் பிடித்துவிடக் கூடாது, தைலம் போட்டு உருவக் கூடாது. உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. மறுநாள் டியூட்டி முடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த இரவே அவசரப் பிரிவுக்குப் போய், நாளத்தில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் பார்க்க வேண்டும்.