இரட்டையர் கட்டு

அக்காவின் பையன்கள் இரட்டையர். நான்கு நிமிட வித்தியாசம்தான், ஆனாலும் வீட்டில் பெரியவன், சின்னவன் என்றே பெயர். வயது 13. நங்கநல்லூரில் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர், ஸ்கூலுக்கு மழை லீவு, வீட்டில் கரண்ட் இல்லை. அக்கா இருவரையும் மெட்ரோவில் ஏற்றி அனுப்பிவிட்டாள். நான் திருமங்கலத்தில் போய்க் கூட்டிக்கொண்டு வில்லிவாக்கம் வந்தேன். ஈரச் செருப்பைக் கழற்றும் முன்பே பெரியவன் கேட்டான்: "சித்தி, அந்தச் சீட்டுக்கட்டு ரெடியா?"

ரெடிதான். ஒரு வாரமாக ராத்திரி சமையலறையை ஒழித்துவிட்டு உட்கார்ந்து சேர்த்தது.

ஆட்டம், டோல்கீனின் கதையை வைத்துச் செய்த லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் கார்டு கேம். ஃபேண்டஸி ஃப்ளைட் கேம்ஸ் 2011இல் கொண்டுவந்தது. ஒன்று முதல் நான்கு பேர் வரை ஆடலாம். ஒருவரையொருவர் எதிர்ப்பது கிடையாது, எல்லோரும் ஒரே பக்கம். எதிரி, இன்னொரு கட்டிலிருந்து தானாக வெளிவரும் சிலந்திகளும் ஓர்க்குகள் என்னும் அரக்கர்களும்தான். என் அம்மாவுக்குச் சீட்டு என்றாலே அப்பாவின் ரம்மி ஞாபகம் வந்துவிடும். "காசு வெச்செல்லாம் ஆடலம்மா" என்றேன். "அப்புறம் எதுக்கு ஆடுற?" என்றாள். இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

வழக்கமாக மூன்று ஹீரோக்களை வைத்துத்தான் கட்டு சேர்ப்பார்கள். ஒவ்வொரு ஹீரோவுக்கும் ஒரு த்ரெட் எண், அதாவது எதிரியின் கண்ணில் படும் அளவு, உண்டு. அவற்றின் கூட்டல்தான் நம் தொடக்கப் புள்ளி. அது சுற்றுக்கு ஒன்றாவது ஏறும், 50ஐத் தொட்டால் நாம் வெளியே. முதல் பெட்டியில் வரும் ஆரகார்ன், தியோட்ரெட், க்ளோயின் மூவருக்கும் 12, 8, 9, ஆக 29. நான் எடுத்தது இரண்டே பேர்: எல்ஃப் தலைவன் எல்ராண்டின் இரட்டைப் பிள்ளைகள் எல்லாடனும் எல்ரோஹிரும். ஆளுக்கு 10, மொத்தம் 20. ஹீரோ ஒருவருக்குச் சுற்றுக்கு ஒரு ரிசோர்ஸ்தான், அதாவது கார்டு இறக்கும் காசுதான், வரும் என்பதால், மூன்று பேர் சம்பளத்துக்குப் பதில் இரண்டு பேர் சம்பளத்தில் குடும்பம் நடத்த வேண்டும்.

இந்த இரண்டு கார்டையும் செய்தவர் யாரோ, கதையை நன்றாக உள்வாங்கியிருக்கிறார். எல்ரோஹிர் களத்தில் இருக்கும்வரை எல்லாடனுக்குத் தாக்குதல் 2 கூடும். எல்லாடன் இருக்கும்வரை எல்ரோஹிருக்குத் தற்காப்பு 2 கூடும். ஒருவன் விழுந்தால் மற்றவன் பாதி ஆள். தாக்கியபின் ஒரு ரிசோர்ஸ் கொடுத்தால் சாய்த்து வைத்த எல்லாடன் கார்டு நிமிர்ந்து மறுபடி தாக்கலாம். எல்ரோஹிர் அதே மாதிரி மறுபடி தடுக்கலாம். அவரவர் பையிலிருந்துதான் கொடுக்க வேண்டும், அண்ணன் பையில் தம்பி கைவைக்க முடியாது.

த்ரெட் 20 என்பதில் ஒரு சூட்சுமம். 20 அல்லது அதற்குக் கீழே இருந்தால் 'சீக்ரெஸி' கார்டுகள் மலிவாகும். 'ரிசோர்ஸ்ஃபுல்' 4 விலை, அப்போது 1. மாட்டிய ஹீரோவுக்குச் சுற்றுக்கு ஒரு ரிசோர்ஸ் கூடுதலாக வரும். 'டைம்லி எய்ட்' என்பதும் 4 விலை, அதுவும் 1 ஆகும். மேலிருந்து ஐந்து கார்டு புரட்டி, அதில் ஒரு துணை ஆளைச் சும்மாவே இறக்கலாம். ஆனால் முதல் சுற்று முடிந்ததும் த்ரெட் 21. கதவு சாத்தியாகிவிடும். அப்புறம் கைக்கு வரும் ரிசோர்ஸ்ஃபுல் வெறும் அட்டை.

அதனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 50 கார்டில் மூன்று ரிசோர்ஸ்ஃபுல். முதல் கையில் ஆறு, பிடிக்காவிட்டால் ஒருமுறை கலைத்துப் போட்டு மறுபடி ஆறு, முதல் சுற்றில் இன்னொன்று. தேவையான நேரத்தில் ஒன்றாவது கையில் இருக்க வாய்ப்பு சுமார் 57 சதவீதம். பேங்க்கில் இந்த லட்சணத்தில் ஒரு லோனுக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன். இங்கே போட்டேன்.

மற்றபடி ரிவெண்டெல் பிளேட், அப்புறம் டுனெடைன் அடையாளங்கள் மூன்று வகை. டுனெடைன் என்னும் வடக்கு மனிதக் குலத்தோடு சேர்ந்து அலைந்தவர்கள் இவர்கள், அதனால் பொருத்தம். ஒரு ரிசோர்ஸ் கொடுத்து அடையாளத்தை ஒருவனிடமிருந்து மற்றவனுக்கு மாற்றவும் செய்யலாம். கெலப்ரியானின் கல் ஒன்று. கெலப்ரியான் இவர்களின் அம்மா. மூன்றாம் யுகம் 2509இல் ரெட்ஹார்ன் கணவாயில் ஓர்க்குகளிடம் சிக்கி, மகன்கள் மீட்டும் தேறாமல், மறு வருடமே கடல் கடந்து போனவள். எல்ரோஹிர் கார்டு வந்த பாக்கெட்டின் பெயரே ரெட்ஹார்ன் கேட். அந்தக் கல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். விலை 2, நியாயமாகப் பார்த்தால் இந்தக் கட்டுக்குக் கொஞ்சம் அதிகம்தான். இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் வேண்டுமென்றே விட்டேன்: ஸ்டூவர்ட் ஆஃப் காண்டோர். சுற்றுக்கு இரண்டு ரிசோர்ஸ் கூடுதலாகத் தரும், காசில்லாத இந்தக் கட்டுக்குக் காமதேனு. ஆனால் எல்ராண்டின் பிள்ளை மனிதர்களின் நாடான காண்டோருக்கு எதற்குக் காரியம் பார்க்கப் போகிறான்? "சித்தி, இது இல்லாம ஆடுறது முட்டாள்தனம்" என்றான் பெரியவன். கதைக்கு ஒட்டாது என்றேன். "கதை ஜெயிக்க வைக்குமா?"

இரட்டையர் கட்டை இரட்டையர் ஆளுக்கொரு ஹீரோவாகப் பிரித்துக்கொண்டார்கள். தாக்குகிற எல்லாடன் பெரியவனுக்கு, சொல்லவே வேண்டாம். சின்னவனுக்கு அடி வாங்கும் வேலை. அதோடு லீடர்ஷிப் வகைக் கார்டுகளுக்கெல்லாம் அந்த வகை ஹீரோவான எல்ரோஹிர்தான் பணம் கட்ட வேண்டும். அண்ணனுக்கு மாட்டிய டுனெடைன் மார்க் என்ற அடையாளமும் தம்பி காசு. "வீட்லயும் இப்படித்தான் சித்தி" என்றான் சின்னவன்.

முதல் பெட்டியின் முதல் பயணம், மர்க்வுட் காடு. ஆரம்பத்திலேயே ஒரு காட்டுச் சிலந்தி எதிரே நிற்கும். நம் த்ரெட் 25ஐ எட்டினால்தான் அது பாயும்; எங்களுடையது 20, அதனால் அது எங்களை நெருங்கவில்லை. 29இல் ஆரம்பித்தவர்களை முதல் சுற்றிலேயே பிடித்திருக்கும். கையில் ரிசோர்ஸ்ஃபுல் வந்தது. எல்லாடன் காசில் இறக்கி எல்ரோஹிருக்கே மாட்டினோம். அதற்கே பெரியவன் முகம் சுருங்கியது. டைம்லி எய்டும் வந்தது. ஐந்து கார்டு புரட்டினால், மந்திரவாதி கண்டால்ஃப்! ஐந்து ரிசோர்ஸ் ஆசாமி ஒரு ரிசோர்ஸுக்கு. மூவரும் போட்ட கூச்சலில் அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

அங்கேதான் ஆட்டம் கெட்டது. கண்டால்ஃப் வந்தால் த்ரெட்டை 5 குறைக்கலாம், அல்லது ஒரு எதிரிக்கு 4 அடி கொடுக்கலாம், அல்லது மூன்று கார்டு எடுக்கலாம். குறைத்தால் 15, அப்புறம் பல சுற்றுக்குச் சீக்ரெஸி கதவு திறந்தே இருக்கும். சிலந்தியின் உயிரோ சரியாக 4. "கொல்லலாம்!" என்று இருவரும் ஒரே குரலில். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். பெரியவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய நேரம் என்று நினைத்து நானும் விட்டுவிட்டேன். சிலந்தி செத்தது. மறு சுற்று 21. அடுத்து சின்னவன் எடுத்த கார்டு, இரண்டாவது ரிசோர்ஸ்ஃபுல்.

நடுவில் நன்றாகவே போனது, விவரமாக எழுத ஒன்றுமில்லை. த்ரெட் 32 ஆனதும் உங்கோலியன்ட்டின் குஞ்சு என்னும் பெரிய சிலந்தி இறங்கி வந்தது, கூடவே ராஜ சிலந்தி ஒன்று. எல்ரோஹிர் ராஜ சிலந்தியைத் தடுத்தான். மறுபடி நிமிர ஒரு ரிசோர்ஸ் வேண்டும். பையில் பூஜ்யம்; கடைசிக் காசும் அண்ணனின் மார்க்குக்குப் போயிருந்தது. குஞ்சின் 5 அடியைத் தடுக்க ஆளில்லை. தடுக்காத அடி ஏதாவது ஒரு ஹீரோ மேல் முழுசாக விழ வேண்டும், அன்றைக்கு யார் மேல் விழுந்தாலும் ஆள் காலி.

பெரியவன் எல்லாடனைக் கவிழ்த்து வைத்தான். "அவன் காசுலதான மார்க் வாங்கினேன்" என்றான். எல்ரோஹிரின் தற்காப்பு அந்த நொடியே 2 குறைந்தது. அடுத்த சுற்றில் எல்லாம் முடிந்தது. சின்னவன் "உன்னாலதான்டா" என்றான், தலையணை பறந்தது, அம்மா வந்து இருவரையும் சாப்பிட இழுத்துப் போனாள்.

மறுநாள் தண்ணீர் வடிந்து கிளம்பிவிட்டார்கள். ஈரக் காற்றில் கார்டு வளைந்துவிடும் என்று, ஷூ பெட்டிகளில் வரும் சிலிகா பொட்டலங்களோடு கட்டை டப்பாவில் அடுக்கும்போது எண்ணினேன். 51. திரும்ப எண்ணினேன், அதே 51. அடியிலிருந்து இரண்டாவது கார்டு, ஸ்டூவர்ட் ஆஃப் காண்டோர்.

அக்காவுக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னேன். "நான் இல்ல சித்தி, அவன்தான்" என்று இரண்டு குரல். எது யார் குரல் என்று எனக்கு இன்னும் பிடிபடுவதில்லை. 50க்குக் குறையக் கூடாது என்பதுதான் விதி, 51 செல்லும். அந்தக் கார்டை இன்னும் வெளியே எடுக்கவில்லை.